பாம்பும் பத்திரமும்

பத்திரம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். இலை, ஏடு, ஆவணம் எனப் பொருள்பட வருவது ஒன்று. காவல், சேமம் எனப் பொருள்பட வருவது மற்றொன்று. வடமொழியில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள்; எழுத்தும் வேறு, பிறப்பும் வேறு. தமிழ் எழுத்துக்குள் வந்தபோது இரண்டும் ஓருருவாய் நின்றுவிட்டன. இதனை வகுப்பிலே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். சொல்லி முடித்ததும், "எழுதிய பத்திரமெல்லாம் பத்திரம் தருமா?" என்று ஒரு கேள்வியும் கேட்பதுண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் கேள்வி எனக்கே திரும்பி வந்த கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கின்றது.

சென்ற தை மாதத்தில் என் மாணவன் ஒருவனுடைய தகப்பனாரைப் பாம்பு தீண்டிவிட்டது. அரிவி வெட்டு முடிந்த வயலிலே வைக்கோல் கட்டிக்கொண்டு நின்றவர். கடித்தது புடையன். தமிழ்நாட்டார் கண்ணாடி விரியன் என்பது இதனையே. செய்தி அறிந்து நான் ஆசுபத்திரிக்குப் போனபோது, அவருடைய இரத்தத்திற் சிறிது எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல இரத்தமாயின் அதற்குள் உறைந்துவிட வேண்டும். அது உறையவில்லை. நீர்போலவே கிடந்தது. உடனே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். தாதி ஒருவர் குப்பி குப்பியாகத் தூளைக் கரைத்துச் சேலைனிற் கலந்தார். எண்ணிக்கொண்டிருந்தேன், இருபது குப்பி. வெறுங் குப்பி ஒன்றை எடுத்து வாசித்தேன். இந்தியாவிற் செய்தது என்றிருந்தது. நான்கு பாம்புகளின் பெயர்களும் அதிற் குறித்திருந்தன.

அங்கிருந்த வைத்தியர் ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்தவர். இம்மருந்து எப்படி உண்டாகின்றது என்று அவரைக் கேட்டேன்.

"குதிரையின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிறது, சேர்" என்றார்.

"குதிரைக்கு அந்தச் சத்தி எப்படி வந்தது?"

"பாம்பின்ர நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவினம். குதிரையின்ர உடம்பு அதுக்கு மாற்று உண்டாக்கும்."

"பாம்பை ஆர் பிடிப்பது?"

"சென்னைக்குத் தெற்காக இருளர் எண்டு ஒரு சனம் இருக்குது, சேர். கனக்க நஞ்சு அவையளின்ர கையாலதான் வருகுது. அதுக்கும் அவையளுக்கு அரசாங்கத்தின்ர பெர்மிட் வேணும்."

அந்தக் கடைசிச் சொல்லே என்னைப் படிக்கத் தூண்டியது. எங்கள் வயலிற் கிடந்த ஒருவருடைய உயிர், கடலுக்கு அப்பால் ஓர் உத்தியோகத்தர் ஒப்பமிடும் பத்திரத்திலே தொங்கிக்கொண்டிருக்கின்றதா? படித்துப் பார்த்தேன். ஓரளவுக்கு அப்படித்தான்.

செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் பாம்பு பிடிப்பதிலே பரம்பரைத் தேர்ச்சியுடையவர்கள். வளையின் வாயிலே மண் கலைந்த விதம், உரித்த சட்டை, புழுதியிற் கிடக்கும் தடம் ஆகியவற்றைக் கொண்டு உள்ளே கிடப்பது இன்ன பாம்பு, அது போனது எப்போது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய ஆயுதம் ஓர் அலவாங்கும் ஒரு துணிப்பையுமே. முன்னாளில் இந்த அறிவு தோல் வியாபாரத்துக்குப் பயன்பட்டது. அவர்கள் பாம்பைப் பிடிப்பார்கள். வியாபாரி தோலை வாங்குவான். அது கைப்பையாகவும் சப்பாத்தாகவும் பிறநாடுகளுக்குப் போகும். பாம்புகள் கணக்கின்றி மடிந்தன. பிடித்தவனுக்குக் கிடைத்ததோ அற்பக் கூலி.

1972 இல் இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976 இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. இச்சட்டங்கள் நல்ல சட்டங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வயலிலே எலியைத் தின்று நெல்லைக் காப்பது பாம்பு. அதனைத் தோலுக்காகக் கொன்று தீர்ப்பது உழவனுடைய வேலைக்காரனைக் கொல்வதை ஒக்கும். எனினும், பாம்பைக் காத்த சட்டம் இருளரின் அடுப்பை அணைத்தது. நேற்றுவரை தொழில் எனப்பட்டது இன்று குற்றமாயிற்று. நிலமில்லை, வேறு தொழிலுமில்லை. சட்டம் இயற்றியோர் பாம்பினத்தை எண்ணினார்கள். பாம்பை நம்பியிருந்த இனத்தை எண்ணியதாகத் தெரியவில்லை.

இந்த நிலையிலேதான் சட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு வாயில் கண்டறியப்பட்டது. சென்னையிலே பாம்புப் பண்ணையை நிறுவிய றோமுலஸ் விட்டேக்கர் என்பார் இருளரோடு நெருங்கிப் பழகியவர். அவருடைய முயற்சியோடு 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மகாபலிபுரத்துக்கு வடக்கே, கடற்கரையோரமாகிய வடநெம்மேலியில் அது இன்றும் இயங்குகின்றது. தோலுக்காகப் பிடித்த கை அன்றுமுதல் நஞ்சுக்காகப் பிடித்தது. தோலை எடுத்தாற் பாம்பு சாகும். நஞ்சை எடுத்தாற் பாம்பு சாவதில்லை. சங்கத்தின் அடிப்படை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே நிற்கின்றது.

அந்தச் சிறு வாயில் மேற்படி சட்டத்தின் 12 ஆம் பிரிவு. கல்வி, விஞ்ஞான ஆராய்ச்சி முதலிய சில காரியங்களுக்காக மாத்திரம் காவல் பெற்ற பிராணிகளைப் பிடிக்க அது இடந்தருகின்றது. அக்காரியங்களுள் ஒன்று, உயிர்காக்கும் மருந்து செய்வதற்காகப் பாம்பின் நஞ்சைச் சேகரித்தல். மாநிலத்து வனவிலங்குகளுக்குப் பொறுப்பான தலைமை உத்தியோகத்தர், காரணங்காட்டி எழுத்தில் அனுமதி வழங்க வேண்டும். அந்தப் பத்திரத்துக்கு வேட்டை அனுமதி என்பதே சட்டத்தின் வழக்கு. கொல்லாமற் பிடிப்பதும் அச்சட்டத்தின் சொற்பொருளில் வேட்டையே. உயிரோடு பிடித்து உயிரோடு விடுபவனும் அங்கே வேட்டைக்காரன்.

பத்திரத்திலே எல்லாம் அளந்து எழுதப்படும். எந்தப் பாம்பு, எத்தனை பாம்பு, எந்த எல்லைக்குள், எவ்வளவு காலத்துக்கு என்பன அதில் இருக்கும். பாம்பு நான்கு வகை: நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். குப்பியிலே நான் வாசித்த நான்கு பெயர்களும் இவையே. பிடித்த பாம்பு சங்கத்துக்கு வரும். அங்கே மண்பானையில் இட்டு வாயைத் துணியாற் கட்டி வைப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை நஞ்சு எடுப்பார்கள். கண்ணாடிப் பாத்திரத்தின் வாயிலே மெல்லிய தோலை இழுத்துக் கட்டி, அதனைக் கடிக்கச் செய்ய, நஞ்சு உள்ளே சொட்டும். இவ்வாறு நான்கு முறை எடுத்தபின், வயிற்றுச் செதிலிலே ஓர் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளமிட்ட பாம்பு உடனே மறுபடி அகப்பட்டால் அதனைக் கொள்வதில்லை. ஏறக்குறைய ஒரு மாதமே பாம்பு மனிதனின் காவலில் இருக்கும். எடுத்த நஞ்சை உலர்த்தித் தூளாக்கி மருந்துச்சாலைகளுக்கு விற்பார்கள். இந்தியாவில் மருந்துக்குப் பயன்பட்டுவரும் நஞ்சிலே பெரும்பகுதி நெடுங்காலமாக இச்சங்கத்திலிருந்தே போயிருக்கின்றது.

இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது முதலில் மகிழ்ச்சியே உண்டாகின்றது. பாம்பு பிழைத்தது, இருளன் பிழைத்தான், கடியுண்டவனும் பிழைத்தான். ஒரே பத்திரத்தால் மூவருக்கும் சேமம். பத்திரம் என்னும் சொல்லின் இரு பொருளும் ஓரிடத்திற் பொருந்திய காட்சி இது. அனுமதி முறையே வேண்டாம், யாரும் பிடிக்கலாம் என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. தோல் வியாபாரக் காலம் கண்முன் நிற்கின்றது. கட்டுப்பாடு அகன்றால் அந்த வியாபாரி நாளைக்கே திரும்பி வருவான்.

ஆயினும் ஆழ்ந்து நோக்கினால் மூன்று இடங்களில் இப்பத்திரம் தளர்ந்திருக்கின்றது.

முதலாவது காலம். அனுமதி நிலையானதன்று, காலந்தோறும் புதுப்பிக்கப்படுவது. பாம்பு வெளிப்படும் பருவமும் உண்டு, ஒடுங்கும் பருவமும் உண்டு. கந்தோரிலே கோப்பு நகர்வதற்குப் பருவமில்லை. ஒப்பம் பிந்தினால் அந்தப் பருவம் கழிந்துபோகும். கூலி பாம்புக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், பிடியாத நாளில் இருளன் வீட்டில் உலை வையாது. மருந்துச்சாலைக்கு நஞ்சு குறையும். அதன் விளைவு எங்கோ ஒரு கிராமத்து ஆசுபத்திரியின் அலுமாரியிலே தெரியும்.

இரண்டாவது பெயர். அனுமதி சங்கத்தின் பெயரால் இயங்குவது. சங்கத்தில் உறுப்பினராயிருப்போர் சில நூற்றுவர். அதே குலத்தில், அதே அறிவோடு, சங்கத்துக்கு வெளியே நிற்பவன் அதே பாம்பைத் தொட்டாற் குற்றவாளி. ஒரே கை, ஒரே பாம்பு. இடையிலே ஒரு தாள். 2022 இன் திருத்தச் சட்டத்தின்படி முதலாம் அட்டவணைப் பிராணியைப் பற்றிய குற்றத்துக்கு மூன்று ஆண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு.

மூன்றாவது இடம், அதாவது முடிவு செய்யப்படும் இடம். முன்னர் நாகமும் கண்ணாடி விரியனும் இரண்டாம் அட்டவணையில் இருந்தன. அவற்றுக்கு மாநில அரசாங்கத்தின் சம்மதம் போதும். 2023 ஏப்ரில் முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த அத்திருத்தம் அவற்றை முதலாம் அட்டவணைக்கு உயர்த்தியது. முதலாம் அட்டவணைப் பிராணிக்கு அனுமதி வழங்குவதாயின் மத்திய அரசாங்கத்தின் முன்சம்மதம் வேண்டும் என்பது 12 ஆம் பிரிவின் நிபந்தனை. பாம்புக்கு மதிப்பு உயர்ந்தது, நன்று. கூடவே வடநெம்மேலிப் பானைக்கும் கையெழுத்துக்கும் இடையிலுள்ள தூரம் சென்னையிலிருந்து டில்லிவரை நீண்டது. இதனை எத்தனை பேர் கவனித்தார்கள்?

இதற்கிடையே இருளருக்குப் பெருமைகள் வராமலில்லை. 2017 இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவரை ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்பு அந்நியமாக வந்து பெருகி, அந்நாட்டுப் பிராணிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகள் தேடிக் காணாத பாம்புகளை இவர்கள் தடம் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 2023 இல் இவ்விருவருக்கும் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே ஆண்டில்தான் மேலே சொன்ன திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. ஒரு கை விருதை நீட்ட, மறு கை வாயிலை இன்னும் சற்றுச் சாத்தியது. இதில் வஞ்சனை ஏதும் உண்டென்று நான் சொல்லவில்லை. விருது கொடுப்போர் ஒரு பகுதியார்; அட்டவணை எழுதுவோர் வேறொரு பகுதியார். இருளன் என்ன செய்கின்றான் என்பதை முதற் பகுதியார் அறிந்த அளவுக்கு இரண்டாம் பகுதியார் எண்ணவில்லை. குறை அவ்வளவே, விளைவோ சிறிதன்று.

கற்ற அறிவுக்கும் பத்திரத்துக்கும் உள்ள இந்த வழக்கு எங்களுக்குப் புதிதன்று. எனக்கு இலக்கணம் தந்த பெரியவர் எந்தப் பரீட்சைக்கும் தோற்றாதவர். திண்ணையிலே இருந்து நன்னூலை எழுத்தெண்ணிச் சொல்லித் தந்தார். அவரிடம் படித்த நான் பண்டிதப் பரீட்சையிலே தேறிப் பத்திரம் பெற்றேன், ஆசிரியனானேன், சம்பளம் பெற்றேன். பத்திரமில்லாத அவர் பள்ளிக்கூட வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டார். அவருடைய அறிவே என் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. பெயர் மாத்திரம் என்னுடையது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது நாணம் உண்டாகும்.

எங்கள் ஊர் விடகடி வைத்தியரும் அவ்வாறே ஏட்டிலும் செவியிலும் கற்றவர்கள். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் பின் பதிவுப் பத்திரம் பெற்றோரும் பெறாதோருமாய்ப் பிரிந்தார்கள். அவர்களை நான் குறைத்து எண்ணவில்லை. எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புடையன் கடித்து இரத்தம் உறையாத நிலையில், மூலிகையை நம்பிக் காலத்தைக் கழிப்பது உயிரைக் கழிப்பதாகும். உடனே ஆசுபத்திரிக்குப் போவதே வழி.

இனி எங்கள் நாட்டு நிலையை நோக்குவோம். 2012-2013 இல் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் செய்த ஆய்வொன்றின்படி, ஆண்டொன்றுக்கு எண்பதாயிரம் பேரளவில் பாம்பு தீண்டுகின்றது. முப்பதினாயிரம் பேருக்கு விடம் ஏறுகின்றது. நானூறு பேர் இறக்கின்றனர். இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரை பன்னிரண்டு இலட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. உலக சுகாதார ஸ்தாபனம் 2017 இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிலே சேர்த்தது. 2030 க்குள் மரணத்தைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. கடியுண்போருட் பெரும்பாலார் வயலிலும் தோட்டத்திலும் நிற்கும் ஏழைகள். புறக்கணிப்புக்கு அதுவே காரணம் என்று நான் எண்ணுகின்றேன்.

நாங்கள் நெடுங்காலமாக இந்தியப் பாம்பின் நஞ்சாற் செய்த மருந்தையே நம்பி வந்திருக்கின்றோம். அதனாற் பிழைத்தோர் பலர். ஆனாற் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் வேறுபடும். எங்கள் புடையனின் நஞ்சு இரத்தத்தைக் கெடுப்பதோடு நரம்பையும் தாக்குகின்றது. தென்னந்தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் பலரைக் கடிக்கும் கூன்மூக்கு விரியனுக்கு அந்த இந்திய மருந்து ஏற்றதன்று. குப்பியிலே அதன் பெயரே இல்லை. மருந்தை ஏற்றும்போது ஒவ்வாமையால் நோயாளர் துன்பப்படுவதும் இங்கே மிகுதி. இவற்றை எண்ணிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் பிறநாட்டு அறிஞரும் சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே கொஸ்ரறிக்காவில் ஒரு மருந்தை உருவாக்கினார்கள். கூன்மூக்கு விரியனின் நஞ்சையும் அதிற் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வுகூடத்தில் அதனைச் சோதித்துக் கண்ட முடிவுகள் 2016 இல் வெளியாயின. திசை நல்ல திசை. அத்திசையிலே தொடர்ந்து போவதாயின், எங்கள் நாட்டிலும் பாம்புகளைப் பிடித்து வைத்துப் பேணி நஞ்செடுக்க வேண்டும். 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்குப் பின் வந்த திருத்தங்களும் ஆளும் நாடு இது. ஆகவே இங்கும் பத்திரம் வேண்டும்.

அந்தப் பத்திரத்தை எழுதுமுன் வடநெம்மேலியைப் படித்துக்கொள்வது நல்லது. பருவத்தோடு பொருந்திய காலக்கெடு வேண்டும். காலம் முடிந்தபின் புதுப்பிப்பதை விடுத்து, முடியுமுன்னரே முடிவு சொல்லும் ஒழுங்கு வேண்டும். பாம்பின் தொகையைக் கந்தோரிலிருந்து நிர்ணயிக்காமல், விட்ட பாம்பு எத்தனை, திரும்ப அகப்பட்டது எத்தனை என்று பிடிப்பவரே வைக்கும் கணக்கைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிந்தவனுடைய பெயர் பத்திரத்திலே இருக்க வேண்டும். எங்கள் நாட்டிலும் அத்தகையோர் உளர். அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள அளிக்கம்பையிலும் வேறு சில இடங்களிலும் வாழும் குறவர், தெலுங்கு பேசுவோர், தலைமுறை தலைமுறையாகப் பாம்பாட்டிப் பிழைத்தவர்கள். நாம் அவர்களுடைய மகுடியைக் கேட்டுச் சில்லறை போட்டோம். அவர்களுடைய அறிவை ஒருநாளும் கேட்டதில்லை. நஞ்சு எடுக்கும் நிலையம் ஒன்று இங்கு அமையுமாயின், அங்கே கூட்டித் துடைக்கும் வேலைக்கு மாத்திரம் அவர்கள் அழைக்கப்படுவார்களா, ஆசிரியர்களாகவும் அழைக்கப்படுவார்களா? சட்டம் எழுதும்போதே தீர்க்க வேண்டிய கேள்வி இது.

மாணவனுடைய தகப்பனார் பத்து நாளில் வீடு திரும்பினார். கால் வீக்கம் வற்ற மாசி முடிந்தது. ஒருநாள் பின்னேரம் பார்க்கப் போனேன். திண்ணையிலே காலை நீட்டி இருந்தார். நான் படித்தவற்றையெல்லாம் சொன்னேன்: குதிரை, பானை, அலவாங்கு, சட்டம், பத்திரம். அவர் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு,

"பண்டிதர், அந்தப் பாம்பைப் பிடிச்சவைக்கு என்ன குடுக்கிறவை?" என்றார்.

"ஒரு பாம்புக்கு இவ்வளவெண்டு கணக்கு" என்றேன்.

"அப்ப, கடதாசி வராட்டில்?"

"வராட்டிற் பிடிக்கேலாது. பிடிச்சால் மறியல்."

அவர் வீங்கிய காலைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஏத்தினது இருபது குப்பியெண்டு மகன் சொன்னவன். ஆரோ ஒருதற்ற கடதாசி நேரத்துக்கு வந்திருக்குது" என்றார்.

மறுநாள் வகுப்பிலே பத்திரம் என்னும் சொல் வந்தது. இரண்டு பொருளையும் சொன்னேன். வழக்கமான கேள்வியையும் கேட்டேன். பிள்ளைகள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அந்த மாணவன் மாத்திரம் சிரிக்கவில்லை.